புதுப்பிப்பு: முழங்கால் வலிக்கு ஜும்பாவா, சால்சாவா?

முழங்கால் வலியோடு ஜும்பா என்ற நடன உடற்பயிற்சிக்குப் போகலாமா, வீட்டுக்காரரோடு சால்சா என்ற ஜோடி நடனம் பழகலாமா என்று போன மாதம் குன்னூரிலிருந்து கேட்டிருந்தேனே, சால்சாவிலேயே சேர்ந்துவிட்டோம். ஜும்பா ஒரு நாள் போனேன். குதிப்பு அதிகம், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை.

சால்சாவுக்கு எட்டு எண்ணிக்கை. 1, 2, 3 என்று கால் மாற்றி வைத்து 4இல் நிற்க வேண்டும். 5, 6, 7க்குப் பிறகு 8இல் மறுபடி நிற்க வேண்டும். அந்த நிறுத்தம் பிடிபடவே இருவருக்கும் இரண்டு வாரம் ஆனது. இப்போது அவர் இடது கையை உயர்த்தினாலே, என்னைச் சுழலச் சொல்கிறார் என்று புரிந்துவிடுகிறது. எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அப்புறம், ஷூ. ரப்பர் அடி தரையைப் பிடித்துக்கொண்டு, சுழலும்போது முழங்காலை முறுக்கியது. தோல் அடிக்கு மாறியபின் வலி குறைந்தது. இங்கத்திய மாலைக் குளிரில் பத்து நிமிடமாவது உடம்பைச் சூடேற்றச் சொன்ன அண்ணனுக்கு மனமார்ந்த நன்றி.