புதுப்பிப்பு: பூனைக்கு மத்தி மீன்

பால்சோறே தின்று வளர்ந்த எங்கள் பூனைக்குக் கட்டுப்படியாகும் சத்தான உணவு எது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் சொன்ன மத்தி மீனுக்கு மாறிவிட்டோம். பச்சையாகக் கொடுப்பதில்லை, அதிலுள்ள தயாமினேஸ் நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும். வேகவைத்தால் அந்தத் தொல்லை இல்லை. வெங்காயம், பூண்டு அறவே கூடாது.

வெந்த தண்ணீரைத் தயவுசெய்து கொட்டாதீர்கள்! பூனையின் இதயத்துக்கும் கண்ணுக்கும் அவசியமான டாரின் என்ற சத்து அதில் கரைந்திருக்கும். முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, மசித்து, அந்தச் சாற்றையே ஊற்றுகிறேன். தட்டை வழித்து நக்கிவிடுகிறது.

கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயமும் நல்லது. ஈரல் எப்போதாவது சிறு துண்டு போதும். அளவு மிஞ்சினால் அதிலுள்ள வைட்டமின் ஏ நஞ்சாகிவிடும். முள் நீக்கிய மீனிலும் கறியிலும் சுண்ணாம்புச்சத்து போதாது. அதனால் காலையில் மட்டும், 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட உலர் தீவனம் வைக்கிறேன்.