ஆளைக் கூட்டினாலும் மாடி ஏறாது

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஓர் அலுவலகக் கட்டடம். கீழே இரண்டு பேஸ்மென்ட், மேலே பத்து மாடி. அங்கே நான் பிளானிங் என்ஜினியர். டெண்டர் சமயத்திலேயே பிரைமவேரா என்கிற திட்டமிடல் மென்பொருளில் போட்ட ஷெட்யூல் கையில் இருந்தது: மாடிக்குப் பத்து நாள். கிரிட்டிகல் பாத், அதாவது ஒரு நாள் தள்ளினாலும் மொத்த வேலையும் தள்ளிப்போகிற வேலை வரிசை, சிவப்புக் கோடாக அழகாக ஓடும். ஆனால் மூன்றாவது மாடியிலேயே பதினைந்து நாளைத் தாண்டிவிட்டது.

ஒவ்வொரு ரிவ்யூவிலும் கான்ட்ராக்டருக்கு ஒரே உத்தரவு: "ஆளைக் கூட்டு." அவரும் கூட்டினார். கம்பி கட்டுகிறவர்கள் காலையில் வந்து நிழலில் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சம்.

அந்த வரிசையைக் கண்டுபிடிக்கிற சிபிஎம் (கிரிட்டிகல் பாத் மெத்தட்) 1957 வாக்கில் டூபான்ட் கம்பெனியின் ஆலை வேலைகளுக்காக உருவானது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை என்பதை அருமையாகச் சொல்லும். ஒரே சாமான் இரண்டு மாடிக்கும் தேவைப்படுவதை மட்டும் நாமாக ஏற்றிக் கொடுக்காவிட்டால் பார்க்காது. எங்களுக்கு அந்தச் சாமான் ஜாக்கி, கான்கிரீட் இறுகும்வரை கீழே நின்று தாங்குகிற முட்டு. பீம் ஒவ்வொன்றும் எட்டு மீட்டர். கான்கிரீட்டுக்கான இந்திய விதிநூலான ஐஎஸ் 456 கணக்குப்படி ஆறு மீட்டருக்கு மேற்பட்ட பீமுக்கு 21 நாள் ஜாக்கியை எடுக்கக் கூடாது. அதற்கு முன்னால் சென்ட்ரிங், கம்பி, கான்கிரீட் என்று பத்து நாள். ஆக ஒரு மாடிக்குப் போன ஜாக்கி திரும்பி வர 31 நாள். ஒரு மாடிக்கு வேண்டியது ஒரு செட். சைட்டில் இருந்ததோ இரண்டே செட். மாடிக்குப் பதினைந்தரை நாள் என்று விடை தானாக வந்துவிடுகிறது. ஊரையே கூட்டி வந்தாலும் அதற்குக் கீழே இறங்காது. பத்து நாள் வேண்டுமென்றால் நான்கு செட் வேண்டும்.

இதை ஒரே தாளில் எழுதி, பக்கத்திலேயே டவர் கிரேன் வாடகையும் ஸ்டாஃப் சம்பளமும் வேலை இழுக்கிற ஒவ்வொரு மாதத்துக்கும் எவ்வளவு என்று போட்டுக் காட்டினேன். அப்புறம்தான் இன்னும் இரண்டு செட்டை வாடகைக்கு எடுக்கச் சம்மதித்தார்கள்.

(பெர்ட் என்று இன்னொரு திட்டமிடல் முறை உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் சீக்கிரம், வழக்கம், தாமதம் என்று மூன்று கால மதிப்பீடு கேட்கும். அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. மேஸ்திரியிடம் மூன்று தேதி கேட்டால் கடைசித் தேதியைத்தான் பிடித்துக்கொள்வார்.)

உண்மையில் கை கொடுத்தது கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் வளர்த்தெடுத்த லாஸ்ட் பிளானர் முறை. வேலையைச் செய்கிறவரே அடுத்த வாரம் எதை முடிப்பேன் என்று சொல்ல வேண்டும். முடியாமல் போனால் காரணத்தை எழுத வேண்டும். சனிக்கிழமை சம்பள நாள், எல்லோரும் சைட்டில்தான் இருப்பார்கள் என்பதால் கூட்டத்தையும் அன்றைக்கே வைத்தோம். முதல் கூட்டத்திலேயே சென்ட்ரிங் மேஸ்திரி ஒரு போடு போட்டார்: "கம்பி வரும்னு சொல்லி என்கிட்ட தேதி வாங்காதீங்க சார். லாரி உள்ள வந்தப்புறம் கேளுங்க, சொல்றேன்." அந்த முறையின் அடிப்படை விதியே அதுதான். தடை நீங்காத வேலையை வாரத் திட்டத்தில் ஏற்றக் கூடாது.

சில வாரக் காரணங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஆள் பற்றாக்குறை எங்கோ கீழே கிடந்தது. முதலிடம் டிராயிங்குக்கு. ஸ்லாபில் பிளம்பிங் பைப்புக்கு ஸ்லீவ் (பைப் நுழைய விடுகிற ஓட்டை) எங்கே என்பது கம்பி கட்டி முடித்த பிறகு வரும். கட்டியதைப் பிரிக்க வேண்டும். சென்ட்ரிங் ஷீட் பரப்புவதற்கு முன்பே எலக்ட்ரிகல், பிளம்பிங் இரண்டு பேரும் டிராயிங்கில் கையெழுத்துப் போட்டாக வேண்டும் என்று வைத்தோம். அதற்குத்தான் பெரிய சண்டை நடந்தது. ஜாக்கிக்குக்கூட அவ்வளவு இல்லை.

பத்து நாள் கடைசிவரை வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டில் நின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அதுவும் இல்லை.