தாத்தாவுக்கு எண்பது: சனிக்கிழமைத் தேநீர்

குழு: தண்ணீர்மலைக் குடும்பம்
செவ்வாய், இரவு 7:40

நான்: அனைவருக்கும் வணக்கம். தாத்தாவுக்கு வரும் சனிக்கிழமை எண்பது நிறைகிறது. மண்டபம், மேடை, மாலை எதுவும் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். சஃபோக் மாளிகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு அங்கேயே மாலைத் தேநீர் வைத்துக்கொள்ளலாமா? எத்தனை பேர் என்று இன்றிரவே சொன்னால் நாளை காலையில் தொலைபேசியில் கேட்டு மேசை சொல்லி வைப்பேன்.

சித்தி (ஈப்போ): எந்த மாளிகை

சின்ன மாமா: பினாங்கில்தான், ஆயர் ஈத்தாம் பக்கம். மெதடிஸ்ட் ஆண்கள் பள்ளிக்கு அருகில், ஆற்றோரம் இருக்குமே, அந்தப் பழைய வீடு.

சித்தி (ஈப்போ): ஒரு தேத்தண்ணீர் குடிக்க ஈப்போவிலிருந்து வர வேண்டுமா

அம்மா: உன்னை வேறு எதற்குத்தான் வரவைக்க முடிந்தது

சித்தி (ஈப்போ): [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

தீபன் (சிங்கப்பூர்): நீக்குவதற்குள் படித்துவிட்டேன் 😂

பெரிய மாமா: கவிதா நல்ல இடமாகத்தான் பார்த்திருக்கிறாள். தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1786இல் பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றினார். ஆயர் ஈத்தாம் ஆற்றங்கரையில் மிளகுத் தோட்டம் போட்டு, இங்கிலாந்தில் தான் பிறந்த சஃபோக் வட்டாரத்தின் பெயரையே அதற்கு வைத்தார். அவர் குடியிருந்தது மர வீடு. 1794இல் மலேரியாவில் போய்விட்டார். இன்று நாம் பார்க்கும் பெரிய வீடு அதற்குப் பிறகு எழும்பியது. அதைக் கட்டியவர் என்று சொல்லப்படும் பிலிப்ஸ் பின்னால் பினாங்கின் ஆளுநரானார். ஆகவே "லைட் வாழ்ந்த மாளிகை" என்று யாராவது படத்தின் கீழே எழுதிப் போட்டால் தயவுசெய்து திருத்துங்கள். தொடரும்.

சின்ன மாமா: அண்ணா, தொடர வேண்டாம்

அத்தை: முட்டை போடுவார்களா

நான்: தேநீரோடு தரும் ஸ்கோன் பன்னில் முட்டை இருந்தாலும் இருக்கும் அத்தை. கேட்டுச் சொல்கிறேன்.

பெரிய மாமா: தொடர்ச்சி. லைட் தன் தோட்டத்தை மார்ட்டினா ரோசெல்ஸ் என்ற பெண்மணிக்கு உயில் எழுதி வைத்தார். அவருடைய பிள்ளைகளுக்குத் தாய். ஆனால் உயிலில் எழுதியது அந்த அம்மாளின் கையில் நிலைக்கவில்லை.

சித்தி (ஈப்போ): எழுதி வைத்தும் கைக்கு வராமல் போவது அப்போதே உண்டா. நல்லது, தெரிந்துகொண்டேன்.

அம்மா: சுமதி, எதைச் சொல்கிறாய்?

சித்தி (ஈப்போ): வரலாற்றைச் சொல்கிறேன் அக்கா

அம்மா: கரண்டியைச் சொல்கிறாய்

தீபன் (சிங்கப்பூர்): எந்தக் கரண்டி?

நான்: தீபன், கேட்காதே.

அம்மா: கேட்கட்டும். கேமரன் மலையில் துரைசாணி உங்கள் பாட்டிக்குக் கொடுத்த வெள்ளித் தேக்கரண்டி ஆறு. காரியம் முடிந்து பெட்டியைத் திறந்தபோது ஐந்து. அவ்வளவுதான் கதை.

சித்தி (ஈப்போ): பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்தால் கதை முழுமையாக இருக்கும்

ராஜம் பாட்டி: [படம்: பெருமாள்] இனிய காலை வணக்கம் 🙏🌺

சின்ன மாமா: அத்தை, இரவு எட்டு மணி

பெரிய மாமா: லைட்டின் மகன் வில்லியமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத்துக்கு இடம் தேர்ந்து, தெருக்களை அளந்து வரைந்தவர் அவர்தான். தகப்பன் ஒரு நகரம், பிள்ளை ஒரு நகரம்.

சித்தி (ஈப்போ): அடிலெய்டிலா? எங்கள் பையன் அங்கேதான் இருக்கிறான். வாடகையை ஏற்றிவிட்டார்கள் அண்ணா. மூன்று பேர் சேர்ந்து ஒரே அறை. போன வாரம் சமைக்கத் தெரியாமல் ரசத்துக்குச் சர்க்கரை போட்டிருக்கிறான்.

அத்தை: புளிக்குப் பதில் தக்காளி போடச் சொல்

சித்தி (ஈப்போ): தக்காளி விலையைக் கேட்டால் அண்ணிக்கு மயக்கம் வந்துவிடும்

நான்: சனிக்கிழமை. எத்தனை பேர்.

சின்ன மாமா: எங்கள் வீட்டில் மூன்று, அப்பாவோடு நான்கு. ஒரு தலைக்கு என்ன விலை கவிதா? இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவில் வெள்ளரிக்காயை வைத்துக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் எல்லோருக்கும் நாசி கண்டார் சோறும் கறியும் வாங்கலாம் என்கிற அளவுக்குக் கேட்பார்கள்.

அம்மா: எனக்கும் அதுதான். அம்மா கூடை சுமந்து கிள்ளிய இலை. அதையே அடுக்குத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் துரை வீட்டில் விற்கிறார்கள். நாம் உடுத்திக்கொண்டு போய்ப் பணம் கட்டிக் குடிக்க வேண்டுமாம்.

நான்: அம்மா, போன வாரம் நீங்கள்தானே சரி என்றீர்கள்?

அம்மா: சரிதான். சொன்னேன், அவ்வளவுதான்.

பெரிய மாமா: விஜயா சொன்னதும் ஒன்று நினைவுக்கு வந்தது. கேமரன் மலையில் ரசல் என்பவர் "போ" (BOH) என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929. லிம் செங் தேக் என்ற செல்வரிடமிருந்து இந்த மாளிகை பள்ளிக்காக மெதடிஸ்ட் சபையின் கைக்கு வந்ததும் அதே காலத்தை ஒட்டித்தான்.

சின்ன மாமா: அப்பா பிறந்தது?

பெரிய மாமா: அப்பா பிறந்தது அதற்கு மிகவும் பிறகு. சும்மா ஒரு பொருத்தம் சொன்னேன்.

தீபன் (சிங்கப்பூர்): ஹை டீக்கு என்ன உடை? கால்சட்டையா வேட்டியா?

பெரிய மாமா: தீபன், ஹை டீ என்று எழுதாதே. ஹை டீ என்பது ஆலைத் தொழிலாளி வேலை முடிந்து வந்து இறைச்சியும் ரொட்டியுமாக உட்கார்ந்து சாப்பிட்ட இராச் சாப்பாடு. நாம் போவது ஆஃப்டர்நூன் டீ. மதியச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவே பசி தாங்காமல் பெட்ஃபோர்டு சீமாட்டி தொடங்கி வைத்த பழக்கம் என்பார்கள். 1840ஐ ஒட்டி. லைட் செத்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து. ஆகவே அவர் அந்த ஆற்றங்கரையில் அமர்ந்து ஸ்கோன் சாப்பிட்டிருக்க வழியில்லை.

சின்ன மாமா: அதாவது நாம் போவது லைட் வாழாத வீட்டுக்கு, லைட் குடிக்காத தேநீரைக் குடிக்க

பெரிய மாமா: கேலி செய்யாதே பாலா.

சித்தி (ஈப்போ): நாலு மணிப் பசியாறல் என்று சொன்னால் முடிந்தது. அதற்கு ஒரு சீமாட்டி வேண்டுமா

அத்தை: ஐயையோ. சனிக்கிழமை புரட்டாசி.

சின்ன மாமா: 😶

அத்தை: அதுவும் புரட்டாசிச் சனி. நான் ஒரு பொழுதுதான் சாப்பிடுவேன். நீங்களும் மாதம் முழுவதும் சைவம் என்று சொன்னீர்களே, என் வீட்டுக்காரரைத்தான் கேட்கிறேன்.

பெரிய மாமா: ஆமாம்.

தீபன் (சிங்கப்பூர்): அப்பா வெள்ளிக்கிழமை என்னோடு சிங்கப்பூரில்

தீபன் (சிங்கப்பூர்): [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

அத்தை: படித்துவிட்டேன்

நான்: சைவத் தட்டு தனியாகக் கேட்கிறேன். முட்டை, மீன் இல்லாமல். ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் அத்தைக்கு விரதச் சிக்கல் இருக்காதா?

அம்மா: பிறந்தநாள் சனிக்கிழமை. ஞாயிறு கொண்டாடினால் அது யார் பிறந்தநாள்?

சித்தி (ஈப்போ): எழுபதாவதையும் இப்படித்தான் ஒரு நாள் தள்ளி வைத்தோம். கேக் வந்தது, அப்பா வரவில்லை.

சின்ன மாமா: அப்பா தண்ணீர்மலை முருகன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். நான்தான் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். என் பேர் யாருக்கும் நினைவிருக்காது.

சித்தி (ஈப்போ): அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா இந்த முறை? அவருக்கு அந்த வீடு பிடிக்குமா?

பெரிய மாமா: பிடிக்காமல் என்ன? அப்பா படித்த பள்ளி அது. பள்ளியின் பழைய கட்டடமே அந்த மாளிகைதான். 1975இல் இடிந்து விழும் நிலை என்று மூடினார்கள். கூரை போய், மரம் முளைத்து, வெகு காலம் பாழாகக் கிடந்தது. பிறகு மாநில அரசு எடுத்துச் சீரமைத்து, 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபு விருது கிடைத்தது. அப்பா அந்தக் கூடத்தில் படித்த மாணவர் என்று அங்கிருப்பவர்களிடம் சொன்னால் மரியாதையாக நடத்துவார்கள்.

தாத்தா: 🎤 குரல் செய்தி (2:51)

சித்தி (ஈப்போ): அப்பா இந்தக் குழுவில் இருக்கிறாரா???

குட்டி: ஆறு மாதமாக இருக்கிறார் அத்தை. நான்தான் சேர்த்தேன்.

அம்மா: கரண்டிப் பேச்சையெல்லாம் படித்திருப்பாரா

குட்டி: எழுத்தைப் பெரிதாக்கிப் படித்தார்

பெரிய மாமா: குரல் செய்தி இங்கே சரியாகக் கேட்கவில்லை. யாராவது எழுதுங்கள்.

குட்டி: நான் எழுதுகிறேன். தாத்தா பக்கத்தில்தான் இருக்கிறார், தவறாக எழுதினால் திட்டுவார்.

குட்டி: "அந்த வீட்டைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நான் படித்தபோது அது வகுப்பறை இல்லை. சாப்பாட்டுக் கூடம். ஒரு பக்கம் பல் பிடுங்கும் அறை. ஓய்வு மணி அடித்தால் இந்தப் பக்கம் மீ (நூடுல்ஸ்) பிரட்டும் வாசம், அந்தப் பக்கம் மருந்து வாசம். இரண்டும் கலந்து ஒரு வாசம் வரும் பாருங்கள், அதை இன்றைக்கும் எங்கே முகர்ந்தாலும் சொல்வேன்."

குட்டி: "கடைவாய்ப் பல் ஒன்று அங்கேதான் போனது. காகிதத்தில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். ஆற்றில் எறிந்தேன்."

குட்டி: இந்த இடத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். இருமினார்.

குட்டி: "மீ வாங்கக் காசு இருக்காது. ஆனால் பசியோடு இருந்ததில்லை. எங்கள் அம்மா பின்கட்டில் தட்டுக் கழுவினாள். நான் பின்பக்கப் படியில் உட்கார்ந்தால் ஒரு குவளையில் தேத்தண்ணீரும் தொட்டுக்கொள்ள ரொட்டி முனையும் வரும். மற்றப் பையன்கள் பார்க்காத நேரத்தில்தான் போவேன். இரண்டு வருடம். பிறகு அம்மாவுக்கு முடியாமல் போனது, நானும் நின்றுவிட்டேன்."

குட்டி: "வருகிறேன். ஆனால் முன்வாசல் வழியாகப் போய்ப் பின்னால் வருவோம். அந்தப் படி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்."

குட்டி: அவ்வளவுதான். கடைசியில் ஸ்கோன் கடினமாக இருக்குமா என்று கேட்டார். தேத்தண்ணீரில் தோய்த்தால் கரையும் என்று சொல்லியிருக்கிறேன்.

இரவு 9:12

பெரிய மாமா: இது எனக்குத் தெரியாது.

சின்ன மாமா: எனக்கும் தெரியாது. கூடவே இருக்கிறேன்.

அம்மா: எனக்குத் தெரியும்

சித்தி (ஈப்போ): உனக்குத் தெரியாமல் இருக்குமா. எல்லாம் உன்னிடம்தான் சொல்வார்.

அம்மா: அவர் சொல்லவில்லை. அம்மா சொன்னாள்.

ராஜம் பாட்டி: எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை மிஞ்சிய ரொட்டி கொண்டு வருவாள். முனையெல்லாம் அண்ணனுக்கு. நடுத்துண்டு எனக்கு. அதனால்தான் அவர் பல் போனது 🙏🌺

தீபன் (சிங்கப்பூர்): பெரியவர்கள் யாரும் இதை எங்களிடம் சொல்லவே இல்லையே

பெரிய மாமா: தட்டுக் கழுவிய பின்கட்டு இப்போது எந்தப் பகுதி என்று பார்க்க வேண்டும். சீரமைத்தபோது பிற்காலத்தில் சேர்த்தவற்றையெல்லாம் எடுத்திருப்பார்கள். வழக்கமாக மூல வடிவத்தைத்தான் வைத்துக்கொள்வார்கள். படி இல்லாமல் போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அப்பாவிடம் இப்போதே சொல்ல வேண்டாம்.

குட்டி: படித்துக்கொண்டிருக்கிறார் பெரியப்பா

பெரிய மாமா: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

தாத்தா: 👍

நான்: சரி. இதுவரை கணக்கு: பெரிய மாமா வீடு மூன்று, நாங்கள் மூன்று, சின்ன மாமா வீடு மூன்று, தாத்தா, ராஜம் பாட்டி. பதினொன்று. சித்தி, நீங்களும் சித்தப்பாவும் சேர்த்தால் பதின்மூன்று. வருகிறீர்களா?

தீபன் (சிங்கப்பூர்): என் பக்கம் ஒருவர் கூடலாம்

அத்தை: யார்

தீபன் (சிங்கப்பூர்): நண்பர்

அத்தை: நண்பரா நண்பியா

சின்ன மாமா: இப்போதுதான் தேநீர் சூடு பிடிக்கிறது

நான்: சித்தி?

சித்தி (ஈப்போ): உங்கள் சித்தப்பாவுக்குச் சனிக்கிழமை வேலை. ஞாயிறு என்றால் இருவரும் வருவோம். சனி என்றால் நான் மட்டும் பஸ்ஸில்.

அம்மா: பஸ்ஸில் வராதே. கவிதா அப்பா வண்டியில் நாங்கள் உன்னை ஈப்போவில் ஏற்றிக்கொள்கிறோம். கோலாலம்பூரிலிருந்து வருகிற வழிதானே.

சித்தி (ஈப்போ): எத்தனை மணிக்கு

அம்மா: பத்துக்குத் தயாராக இரு. பத்து என்றால் பத்து.

சித்தி (ஈப்போ): நீங்கள் பத்து என்றால் பன்னிரண்டு என்று எனக்குத் தெரியும் அக்கா

சித்தி (ஈப்போ): அந்த ஐந்து கரண்டியையும் எடுத்து வா. அப்பா அதில் கலக்கிக் குடிக்கட்டும்.

அம்மா: ஆறாவது?

சித்தி (ஈப்போ): வீட்டில் தேடிப் பார்க்கிறேன். இருந்தால்.

பெரிய மாமா: வெளிக் கரண்டியை உள்ளே அனுமதிப்பார்களா என்பதையும் கவிதா கேட்டுக்கொள்ளட்டும். ஜாம் முதலில் தடவுவதா கிரீம் முதலில் தடவுவதா என்று இங்கிலாந்தில் டெவன்காரர்களுக்கும் கார்ன்வால்காரர்களுக்கும் நீண்ட காலச் சண்டை ஒன்று உண்டு. அதை நேரில் சொல்கிறேன்.

சின்ன மாமா: நேரில் சொல்லுங்கள் அண்ணா, நேரில்

அத்தை: சனியா ஞாயிறா, முடிவாகிவிட்டதா? முட்டைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே

நான்: நாளை காலையில் தொலைபேசியில் கேட்டுவிட்டு எழுதுகிறேன் அத்தை. இடம் எந்த நாளுக்குக் கிடைக்கிறது என்று பார்ப்போம்.

ராஜம் பாட்டி: [படம்: சூரிய உதயம்] இனிய காலை வணக்கம் 🙏

சின்ன மாமா: வண்டி எங்கே நிறுத்துவது