தம்பிக்கு டவுன் சிண்ட்ரோம், ஆறு மாதமாக ஆளே மாறிவிட்டான், இது மனச்சோர்வா?

கொருக்குப்பேட்டை அக்கா:

வணக்கம். தம்பிக்கு 27 வயது, டவுன் சிண்ட்ரோம், பிறவியிலிருந்தே அறிவுசார் குறைபாடு. பேச்சு கொழகொழவென்று வரும், வீட்டு ஆட்களுக்குப் புரியும். குளிப்பது, சாப்பிடுவது, கடையில் பால் பாக்கெட் வாங்கி வருவது எல்லாம் அவனே செய்வான். ஒன்பது வருடமாக ஒரு பயிற்சி மையத்தில் காகிதக் கவர் ஒட்டுகிறான். சாயங்காலமானால் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் போய் நின்றுவிடுவான். கேட் போட்டால் ஊரே திட்டும், இவன் ஒருத்தனுக்கு மட்டும் கொண்டாட்டம். கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணுவான் (பதினாலுக்கு மேல் தெரியாது, மறுபடி ஒன்றிலிருந்து), கடைசிப் பெட்டியில் ரயில் கார்டு வந்தால் கையைக் காட்டுவான்.

ஆறு மாதமாக இது எதுவும் இல்லை. மையத்துக்கு வர மாட்டேன் என்கிறான். மாடிப்படியில் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறான். ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து வாசல் தாழ்ப்பாளைத் திறக்கிறான். வஞ்சிர மீன் வறுத்து வைத்தால்கூட இரண்டு வாய்தான், ஆனால் எடை மட்டும் ஏறுகிறது. தனியாகப் பேசிக்கொள்வது முன்பும் உண்டு, இப்போது அதிகம்.

போன மாதம் ஒரு மனநல மருத்துவரிடம் காட்டினோம், மொத்தம் நாலு நிமிடம். "காதுல யாராவது பேசுற மாதிரி கேக்குதா?" என்றார். தலையாட்டினான். "யாராவது கூப்பிடுறாங்களா?" அதற்கும் தலையாட்டினான். நீதான் கலெக்டரா என்று கேட்டாலும் அவன் ஆமாம் என்றுதான் தலையாட்டுவான், அதைச் சொல்வதற்குள் மனச்சிதைவுக்குக் கொடுக்கிற ரிஸ்பெரிடோன் மாத்திரை எழுதிவிட்டார். இப்போது பகல் முழுக்கத் தூக்கம். சந்தேகம் கேட்டால் "இந்தப் பசங்க அப்படித்தாம்மா இருப்பாங்க" என்கிறார்.

இருபத்தாறு வருடம் அப்படி இல்லையே? அம்மா எட்டு மாதத்துக்கு முன்னால் தவறிவிட்டார், அதனால் இருக்குமோ என்றால் அவனுக்கு அது தெரியவே தெரியாது. பயந்துவிடுவான் என்று சாவன்றைக்கு எண்ணூரில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம். அதனால் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

வியாசை வெற்றி:

அக்கா, இவங்களுக்கு டிப்ரஷன் எல்லாம் வராது, அதெல்லாம் யோசிக்கிறவங்களுக்குத்தான். சாவு வீட்டுக் காற்று பட்டிருக்கும். மந்திரித்து ஒரு கயிறு கட்டுங்கள், சரியாகிவிடும்.

ஓட்டேரி அம்மா:

கயிறு கட்டுவது உங்கள் இஷ்டம், நானும் இரண்டு கட்டியிருக்கிறேன். ஆனால் "வராது" என்று மட்டும் சொல்லாதீர்கள் தம்பி, எரிச்சலாக வருகிறது.

என் பெண்ணுக்கு ஆட்டிசம், 31 வயது, பேச்சு கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் திடீரென்று இடது கன்னத்தில் தானே பளார் பளார் என்று அறைந்துகொள்ள ஆரம்பித்தாள். ஆட்டிசத்தில் இது சகஜம் என்று ஒரே குரலில் எல்லோரும் சொல்லி, அமைதிப்படுத்த ஒரு மாத்திரை, அது பற்றாமல் இன்னொன்று, மூன்று மாதம் போனது. கடைசியில் என் மாமியார்தான், ஒரு நாள் சாதம் ஊட்டும்போது, இவள் எல்லாவற்றையும் வலது பக்கமே ஒதுக்கி மெல்லுகிறாளே என்றார். வாயைத் திறந்து பார்த்தால் கடைவாய்ப் பல் அடியில் சீழ். பல்லை எடுத்த நாலாம் நாள் அறைவது நின்றது. இடது கன்னத்தில் மட்டும் ஏன் அறைகிறாள் என்று நான்கூடக் கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு இன்னமும் ஆறாதது.

அதனால் முதலில் உடம்பைப் பாருங்கள். பல், காது, மலச்சிக்கல், எல்லாம். ஒரு நோட்டுப் போட்டு எத்தனை மணிக்குத் தூங்கினான், என்ன சாப்பிட்டான், எப்போது படியில் போய் உட்கார்ந்தான் என்று தினமும் இரண்டு வரி எழுதுங்கள். நாலு நிமிடத்தில் டாக்டரிடம் சொல்ல முடியாததை அந்த நோட்டு சொல்லும். அப்புறம், நிராமயா காப்பீடு எடுத்திருக்கிறீர்களா? வருடத்துக்கு ஒரு லட்சம் வரை, டவுன் பிள்ளைகளுக்கும் உண்டு, ரத்தப் பரிசோதனைச் செலவில் கொஞ்சம் திரும்பி வரும்.

கவர் டீச்சர்:

இருபது வருடமாக இந்தப் பிள்ளைகளோடுதான் இருக்கிறேன். நீங்கள் எழுதியதில் கடைசி நாலு வரியை மூன்று தடவை படித்தேன்.

அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொன்னீர்கள். ஊருக்குப் போனவர் திரும்பி வர வேண்டுமே அக்கா. அவன் படியில் உட்கார்ந்து காத்திருக்கிறான். ராத்திரி கதவைத் திறந்து பார்ப்பதும் அதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. அவனுக்குத் தெரியாது என்கிறீர்கள், ஆனால் புடவை கொடியில் இல்லை, சமையல் வாசனை வேறு, வீட்டில் எல்லோரும் அவனைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறீர்கள், இவ்வளவும் தெரியும். சொல்லாமல் விட்டால் துக்கம் வராது என்பது நம் எண்ணம், அவர்களுக்கு அது பெயர் தெரியாத துக்கமாக உட்கார்ந்துவிடுகிறது.

சொல்லுங்கள். சாமிகிட்ட போயிட்டாங்க, தூங்குறாங்க என்றெல்லாம் சுற்றாதீர்கள். தூங்குகிறார் என்று சொல்லி, அதன் பிறகு தானே தூங்கப் பயந்த ஒரு பையனைப் பார்த்திருக்கிறேன். "அம்மா செத்துட்டாங்க. மூச்சு நின்னுடுச்சு. இனிமே வர மாட்டாங்க" என்று எளிய வார்த்தையில் சொல்லுங்கள், படம் காட்டுங்கள், அடக்கம் செய்த இடத்துக்குக் கூட்டிப் போங்கள். திரும்பத் திரும்பக் கேட்பான், திரும்பத் திரும்ப அதே வார்த்தையில் சொல்லுங்கள்.

இன்னொன்று, இவர்களிடம் "சோகமா இருக்கியா?" என்று கேட்டுப் பிரயோஜனமில்லை, தலையாட்டுவார்கள். பிடித்ததை விடுவது, தூக்கம் கலைவது, தெரிந்த வேலை மறப்பது, எரிந்து விழுவது, இவைதான் அவர்கள் பாஷை. உங்கள் தம்பி கார்டுக்குக் கை காட்டுவதை நிறுத்தியிருக்கிறான், அதைவிட என்ன அறிகுறி வேண்டும்?

டூட்டி முடிந்த டாக்டர்:

மனநலப் பிரிவில் மேற்படிப்புப் படிக்கிறேன். நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று சொல்ல மாட்டேன், பொதுவாகச் சொல்கிறேன்.

வெற்றி, வராது என்பது உண்மையல்ல. கிளாஸ்கோவில் அறிவுசார் குறைபாடுள்ள 1,023 பெரியவர்களை ஆய்வு செய்து 2007-ல் வெளியிட்டார்கள், பத்தில் நாலு பேருக்கு ஏதாவது ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. கண்ணுக்குத் தெரிகிற குறைபாடு, அதற்குப் பின்னால் இருக்கும் இன்னொரு நோயை மறைத்துவிடும் என்பதற்கு 1982-லேயே அமெரிக்க உளவியலாளர் ஸ்டீவன் ரைஸும் கூட இருந்தவர்களும் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். "இந்தப் பசங்க அப்படித்தான்" என்பது அதேதான். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் அறிவுசார் குறைபாட்டை மனநோய்க் கணக்கில் சேர்க்கவில்லை, சரி. அதற்காக, அது உள்ளவருக்கு மனநோய் வந்தால் ஸ்பெஷல் ஸ்கூலுக்குப் போ என்று திருப்பி அனுப்ப முடியாது.

அக்கா, எடை ஏறுகிறது, சாப்பாடு குறைகிறது, சோர்வு என்றால் முதலில் தைராய்டு. டவுன் சிண்ட்ரோமில் அது அடிக்கடி குறையும், பார்க்க அச்சு அசல் மனச்சோர்வு மாதிரியே இருக்கும். அதற்கான ரத்தப் பரிசோதனை, டி.எஸ்.எச்., கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? தூக்கத்தில் குறட்டை விட்டு மூச்சு திணறுகிறதா என்றும் கவனியுங்கள், இவர்களிடம் அதுவும் அதிகம். தனியாகப் பேசுவது டவுன் சிண்ட்ரோமில் நிறையப் பேருக்கு உண்டு, அதை மட்டும் வைத்து மனச்சிதைவு என்று சொல்லக் கூடாது. குரல் கேட்கிறதா என்பதற்குத் தலையாட்டியதை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், ஆனால் எதற்காக என்று கட்டாயம் கேளுங்கள். மனநோய் எதுவும் இல்லாமல் வெறும் ஆவேசத்துக்காக இந்த வகை மாத்திரை உதவுமா என்று அறிவுசார் குறைபாடுள்ள 86 பேரிடம் சோதித்த ஆய்வு 2008-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இவர்கள் ஒன்றும் தேறிவிடவில்லை. உங்கள் தம்பிக்கு ஆவேசமே இல்லை.

உங்களுக்குப் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, அங்கேயே மனநலப் பிரிவு உண்டு. கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கும் போகலாம், நம் ஊரில் அந்தப் பெயரைக் கேலிக்கு வைத்திருக்கிறார்கள், 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி அது. போகும்போது ஓட்டேரி அம்மா சொன்ன நோட்டையும் கையில் வைத்திருங்கள். ராத்திரி கைமீறிப் போனால் மனநல உதவி எண் 14416, தமிழிலேயே பேசலாம்.

வியாசை வெற்றி:

தெரியாமல் சொல்லிவிட்டேன், தப்பாக எடுத்துக்க வேண்டாம். ஆட்டோ வேண்டுமென்றால் சொல்லுங்கள் அக்கா, ஸ்டாண்டில்தான் இருப்பேன்.

கொருக்குப்பேட்டை அக்கா:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். டி.எஸ்.எச். 19, அதாவது தைராய்டு குறைவுதான். தைராய்டு மாத்திரை ஆரம்பித்தாயிற்று. வேறொரு டாக்டர் நோட்டை முழுக்கப் படித்தார், பகலெல்லாம் தூங்க வைத்த அந்த ரிஸ்பெரிடோனைப் படிப்படியாகக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், மனச்சோர்வுக்கு மருந்து வேண்டுமா என்பதை ஒன்றரை மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

அம்மாவைப் பற்றிச் சொன்னோம். மூலக்கொத்தளம் இடுகாட்டுக்குக் கூட்டிப் போனேன். மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான், அழவில்லை. "சோறு?" என்றான். அங்கே சோறு வேண்டாம்டா என்றேன். வீட்டுக்கு வந்து நான்கு நாள் அதையே கேட்டான், நானும் அதையே சொன்னேன், ஐந்தாம் நாள் ராத்திரி உடம்பெல்லாம் குலுங்க அழுதான், நானும்தான். படியில் இன்னும் உட்காருகிறான். தாழ்ப்பாளைத் திறப்பது மட்டும் ஒரு வாரமாக இல்லை.

கேட் பக்கம் நேற்று கூட்டிப் போனேன், வண்டி போனது, எண்ணவில்லை, ஆனால் கடைசிப் பெட்டி போகும் வரைக்கும் பார்த்தான்.

ஒரு சந்தேகம். ஆறு வாரத்தில் மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். போன தடவை மூன்று பேர் பிடித்துத்தான் எடுத்தார்கள், அதற்கப்புறம் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே ஓடுகிறான். என்ன செய்வது?

ஓட்டேரி அம்மா:

மரத்துப்போகிற க்ரீம் என்று ஒன்று இருக்கிறது, டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். ஒரு மணி நேரம் முன்னாலேயே தடவிவிட வேண்டும். அப்புறம் ஒரு நாள் ஊசியே போடாமல் சும்மா அந்த லேபுக்குக் கூட்டிப் போய், நாற்காலியில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துத் திரும்பி வாருங்கள். நான் என் பெண்ணை அப்படி நாலு தடவை கூட்டிப் போனேன்.