‘மிஸ்ஸிங் லிங்க்’ படத்தின் பலவீனம் எங்கே இருக்கிறது? உங்கள் கருத்துகள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்க அனிமேஷன் நிறுவனமான லைக்காவுக்காக (Laika) கிறிஸ் பட்லர் எழுதி இயக்கி, 2019இல் வெளிவந்த ‘மிஸ்ஸிங் லிங்க்’ என்னும் ஸ்டாப் மோஷன் சாகச நகைச்சுவைப் படத்தைப் பற்றி ஒரு விமர்சனம் எழுதி வருகிறேன். அதில் ஓரிடத்தில் தெளிவு கிடைக்காமல் நிற்கிறேன்.

படத்தின் பலத்தில் எனக்கு ஐயமில்லை. பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்தி, முப்பரிமாண அச்சில் உருவாக்கிய முகங்களை மாற்றி மாற்றிப் பொருத்திப் படமெடுக்கும் இந்த ஸ்டாப் மோஷன் முறையில், புயலில் சாயும் கப்பலின் நடைபாதையில் தரை சுவராகவும் சுவர் தரையாகவும் மாற, அதற்குள்ளேயே நடக்கும் அந்தச் சண்டைக் காட்சி அசாத்தியமான உழைப்பு. கதையின் மையமான, மனிதனுக்கும் குரங்குக்கும் இடைப்பட்ட அந்த உயிரினம் தனக்கு சூசன் என்று தானே பெயர் சூட்டிக்கொள்ளும் இடமும் மனத்தைத் தொடுகிறது. கோல்டன் குளோப் விருது தகுதியானதே.

ஆனால், அந்த உயிரினத்தைத் தேடிச் செல்லும், புகழுக்காக ஏங்கும் ஆய்வாளர் லயனல் மனம் மாறுவது அவசரமாக முடிந்துவிடுகிறது. சொன்னதை அப்படியே பொருள்கொள்ளும் சூசனின் நகைச்சுவையும் திரும்பத் திரும்ப வருவதால் சலிக்கிறது. அவர்களுடன் பயணிக்கும் பெண்ணான அடலீனாவுக்கோ கதையில் போதிய இடமே இல்லை.

லயனலின் மாற்றம் ஒட்டாமல் போவதற்குத் திரைக்கதை காரணமா, பொம்மை முகங்களின் அளவான பாவனை காரணமா? இத்துறையில் பணிபுரிவோர் விளக்க வேண்டுகிறேன். குழந்தைகளுடன் பார்த்தவர்கள், அவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே கவனம் இழந்தார்கள் என்பதையும் எழுதினால் பேருதவியாக இருக்கும்.