கோல்ஃப் பட்டரைத் தொங்கவிட்டுத் தரையின் வாட்டம் பார்ப்பதற்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

கோல்ஃப் ஆட்டக்காரர் பந்துக்குப் பின்னால் நின்று, பட்டரின் (putter, பந்தைக் குழியை நோக்கி உருட்டிவிடும் கோல்) கைப்பிடியை இரண்டு விரல்களால் மட்டும் பற்றித் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிரீனின் (குழியைச் சுற்றியுள்ள, ஒட்ட வெட்டிய புல்தரை) சரிவைப் பார்க்கும் செயலுக்குச் 'சாய்வளத்தல்' என்ற சொல் முன்மொழியப்பட்டிருக்கிறது. அதை ஏற்க எனக்குத் தயக்கமாக உள்ளது. தரை எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை இச்செயல் காட்டுமே தவிர, எவ்வளவு இறங்குகிறது என்பதை நம்பத்தக்க வகையில் சொல்லாது. மேலும், கோல்ஃப் விதி 4.3 ரசமட்டம் போன்ற கருவியால் சரிவை அளப்பதைத் தடுக்கிறது. கையிலுள்ள கோலையே தூக்குக்குண்டாகப் பிடிப்பதற்கோ தடையில்லை. தடுக்கப்பட்டதற்கு உரிய சொல்லை அனுமதிக்கப்பட்டதற்குச் சூட்டலாகாது.

செயலைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். தரை இடப்பக்கம் இறங்குவதாகவும், ஆட்டக்காரர் அத்தரைக்குச் செங்கோணத்தில் நிற்பதாகவும் கொண்டால், அவர் உடல் இடப்பக்கம் சாய்ந்து, கண்ணும் பந்துக்கும் குழிக்கும் இடைப்பட்ட கோட்டிலிருந்து இடப்பக்கம் விலகிவிடும். அந்நிலையில் தண்டின் கீழ்ப்பகுதி பந்தை மறைக்குமாறு பிடித்தால், மேற்பகுதி குழிக்கு வலப்பக்கத்தில், அதாவது மேட்டுப் பக்கத்தில், தெரியும். அவரே உடலை நேராக்கி நின்றுவிட்டால் தண்டு குழியையும் மறைத்துவிடும். சரிவே இல்லாததுபோல் தோன்றும். சாய்வைக் காட்டுவது உண்மையில் ஆட்டக்காரரின் உடல்தான். கோல் தருவது நேர்குத்துக் கோடு ஒன்றை மட்டுமே.

இதே நேர்குத்தைத்தான் நம் கொத்தனார்கள் 'தூக்கு' என்கிறார்கள். சுவர் எழும்ப எழும்ப, மரக்கட்டையைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, நூலில் குண்டை இறக்கி, அது ஆடி அடங்கும்வரை காத்திருந்து பார்ப்பதற்குத் 'தூக்கு பார்த்தல்' என்று பெயர். தண்ணீர் ஓடுவதற்காகத் தளத்துக்குக் கொடுக்கும் சரிவை அவர்கள் 'வாட்டம்' என்பார்கள். ஆகவே செயலுக்குக் 'கோல்தூக்கு பார்த்தல்' என்றும், அதனால் அறியப்படும் சரிவுக்கு 'வாட்டம்' என்றும் வைக்கலாம் என்பது என் கருத்து. 'தூக்கு' என்றதும் தண்டனை நினைவுக்கு வரும் என்று சிலர் தயங்கக்கூடும். முன்னால் 'கோல்' நிற்பதால் அந்த நிழல் விழாது என்றே எண்ணுகிறேன்.

இச்சொல்லுக்கான விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பட்டரின் தலை ஒரு பக்கமாக நீண்டிருப்பதால் தண்டு பெரும்பாலும் சற்றுச் சாய்ந்தே தொங்கும். தலையின் நுனி நம்மை நோக்கியோ நேர் எதிர்ப்புறமாகவோ இருக்கும்படி திருப்பினால்தான் அது நேர்குத்தாகத் தெரியும். இதைச் சொல்லாமல் விட்டால், குண்டையும் கோலையும் ஒன்றெனக் கொள்ளும் வாசகர் ஏமாறுவார்.

பட்டருக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. தமிழில் எழுதும்போது அது கோயில் பட்டராகவும் ரொட்டியில் தடவும் பட்டராகவும் மயக்கம் தருவதால், 'உருட்டுகோல்' என்பதை முன்வைக்கிறேன். இதைவிடச் சுருக்கமான சொல் எவரிடமேனும் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.