புதுப்பிப்பு: இறக்குமதி கார் காப்பீடு, பிரீமியம் குறைந்தது

ஜப்பானிலிருந்து இறக்குமதியான காருக்குப் பிரீமியம் ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, சேஸிஸ் எண்ணை (வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்) சரிபார்க்கச் சொன்ன யோசனைதான். ஜப்பானின் உள்நாட்டு மாடல்களில் வழக்கமான 17 எழுத்து விஐஎன் (வண்டி அடையாள எண்) இருக்காது. அதைவிடச் சிறிய சேஸிஸ் எண்தான். இணையப் படிவம் அதை ஏற்காததால், பட்டியலில் கிடைத்த பெரிய எஞ்சின் மாடலைத் தேர்ந்திருந்தேன். தவறு அங்கேதான். இறக்குமதி வண்டிகளைக் கவனிக்கும் தரகரிடம் மாடல் குறியீடு, எஞ்சின் சிசி, ஏற்றுமதிச் சான்றிதழ் நகல் மூன்றும் கொடுத்ததும் சரியான பிரிவுக்கு மாற்றினார்கள், பிரீமியம் இறங்கியது. ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டருக்குள்தான் ஓட்டுவேன் என்ற வரம்பு பிரீமியத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தது.

எதிர்பாராதது: தொழிற்சாலையில் பொருத்திய இம்மொபிலைசருக்கும் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளப்ப விடாத கருவி) சான்று கேட்டார்கள், அந்தச் சான்று இல்லாததால் தள்ளுபடி கிடைக்கவில்லை. முன்கண்ணாடிக்கான இழப்பீட்டுக்குத் தனி வரம்பும் இருந்தது. கையெழுத்திடும் முன் காப்பீட்டு ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைக் கட்டாயம் படியுங்கள்.